எண்ணெய்த் திருட்டும் அரசின் காவலும்

களவு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன இருளும் கன்னக்கோலும் ஆகும். நம் காலத்துப் பெருங்களவுகளுள் ஒன்றோ பட்டப்பகலில், ரசீதோடும் முத்திரையோடும் நடைபெற்று வருகிறது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை களவாடப்படும் முறை அத்தகையது. வீட்டிலிருந்த நகை காணாமற்போனால் உடையவர் மறுநாளே அறிவார். எண்ணெய் களவுபோனால் உடையவர் பெரும்பாலும் அறிவதே இல்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் பெட்ரோல் ஏற்றிய டேங்கர் லாரியில் நூறு லிட்டர் குறைந்தால், வெப்ப மாற்றத்தால் ஏற்பட்ட குறைவு என்று கணக்கெழுதிவிட இயலும். பத்துப் பாகை வெப்பம் தணிந்தால் அவ்வளவு பெட்ரோல் ஏறத்தாழ நூற்று நாற்பது லிட்டர் சுருங்கும் என்பது இயற்பியல் உண்மை. அந்த இயற்பியலின் நிழலில்தான் திருடன் ஒதுங்கி நிற்கிறான்.

பொருளியல் துறையார் எழுதவேண்டிய செய்தியைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். சரக்குக்குக் காவல் என்பது தமிழிலக்கியத்துக்குப் புதிய செய்தி அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களுக்கும் அங்கிருந்து ஏற்றுமதியாகும் பண்டங்களுக்கும் சுங்கம் கொள்வோர் சோழனின் புலிச்சின்னம் பொறித்துக் காத்த செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரமோ ஒருபடி மேலே செல்கிறது. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றத்தில் பண்டப் பொதிகள் அடையாளம் பொறிக்கப்பட்டுத் திறந்தவெளியிலே கிடக்கின்றன. அங்கே பூட்டும் இல்லை, காவலரும் இல்லை. களவாட வந்தவன் தலையில் அப்பொதியே ஏறி அமர்ந்து, அவனை இறக்கி வைக்கவிடாமல் மன்றத்தைச் சுற்றிச் சுற்றி வரச்செய்து வருத்தும் என்கிறார் இளங்கோவடிகள். அன்று முத்திரையைத் தெய்வம் காத்தது. இன்று அதனைக் காப்பவர் யார், காப்பவரைக் காப்பவர் யார் என்பவையே நம்முன் நிற்கும் வினாக்கள்.

இவ்வினாக்களைப் புதுவையிலிருந்து, அதிலும் சேதராப்பட்டிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மயிலம் செல்லும் சாலையில் தொழிற்பேட்டையோடு அமைந்துள்ள இவ்வூரிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே தமிழகத்தின் வானூர் வட்டத்து ஊர்கள் வந்துவிடும். புதுவையின் நிலப்படம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற கோலம். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவுற்றது. ஆயினும் எல்லை அழியவில்லை. சுங்க எல்லையாக இருந்தது வரி எல்லையாக மாறிற்று, அவ்வளவே. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. எனவே ஒவ்வோர் அரசும் தத்தம் மதிப்புக் கூட்டு வரியைத் தானே விதித்துக்கொள்கிறது. 2021 நவம்பரில் புதுவை அரசு அவ்வரியை லிட்டருக்கு ஏழு ரூபாய் அளவுக்குக் குறைத்தது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சென்னைக்கும் புதுவைக்கும் இடையே டீசல் விலையில் ஏறத்தாழ எட்டு ரூபாயும், பெட்ரோல் விலையில் ஆறு ரூபாய்க்கு மேலும் வேறுபாடு இருந்தது.

தன் வண்டியின் டேங்கை நிரப்பிக்கொண்டு எல்லை கடப்பவர் திருடர் அல்லர். திண்டிவனத்தில் குடியிருந்து புதுவையில் பணிபுரியும் ஆசிரியர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த எட்டு ரூபாயைப் பன்னிரண்டாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். ஒரு டேங்கர் லாரி ஒருமுறை எல்லை தாண்டினால் தொண்ணூற்றாறாயிரம் ரூபாய். கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்றுத் தொழிற்பேட்டையில் சேரும் ஓர் இளைஞர் அத்தொகையை ஈட்டப் பல திங்கள் உழைக்க வேண்டும். புதுவையின் மற்றொரு துண்டாகிய மாஹேக்கும் கேரளத்துக்கும் இடையே விலை வேறுபாடு பத்து ரூபாய்க்கும் மேல் இருந்துள்ளது. அங்கிருந்து டேங்கர்களில் கேரளத்துக்குள் கடத்தப்பட்ட டீசல் பிடிபட்ட வழக்குகள் பல. வரியைக் களவாடுவதும் களவே. அந்த வரியில்தான் நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடைபெறுகின்றன.

ஆக, ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்குமிடத்தில் களவு பிறக்கிறது. இது புதுவை எல்லைக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதும் இதைவிடப் பெரிய அளவில், இதைவிடக் கொடிய முறையில் இது நிகழ்ந்தது மண்ணெண்ணெயில்தான்.

நியாயவிலைக் கடைகளில் ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் மானிய விலையில் வழங்கப்பட்டது. 2002 முதல் 2010 வரை தில்லியில் அதன் விலை லிட்டருக்கு ஒன்பது ரூபாய் அளவிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் டீசல் விலை முப்பதைக் கடந்து நாற்பதை நோக்கி ஏறியது. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்தால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது, வண்டியும் ஓடும். பொறி பழுதாவதும் புகை மிகுவதும் பின்னரே தெரியவரும். தேசியப் பயன்முறைப் பொருளியல் ஆய்வுக் குழு 2005இல் அளித்த மதிப்பீட்டின்படி மானிய மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உரியவர்க்குச் சேராமல் திசைமாறிச் சென்றது. ஏழைக் குடும்பத்தின் அட்டைக்குச் "சரக்கு இல்லை" என்ற விடை கிடைத்த நாள்களில் அந்தச் சரக்கு எங்கே போயிற்று என்பது இப்போது விளங்கும். வரிசையில் கேனோடு நின்று வெறுங்கையோடு திரும்பிய தாய்மார்களை இன்றைய மாணவர்கள் அறியமாட்டார்கள். அவர்களுடைய பெற்றோர் அறிவர்.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. நியாயவிலை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றியது. சாயத்தை நீக்கும் வழியைக் கள்வர் கண்டுகொண்டனர். 2006 அக்டோபரில் கண்ணுக்குப் புலப்படாத வேதிக் குறி ஒன்றை மண்ணெண்ணெயில் சேர்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. பட்டினப்பாலையின் புலி முத்திரையை நீர்மத்தில் பொறிக்கும் முயற்சி என்று இதனைக் கூறலாம். அக்குறியையும் நீக்கிவிட முடிகிறது என்ற புகார் எழுந்தது; ஒப்பந்தம் பற்றிய சர்ச்சைகளும் கிளம்பின. 2008ஆம் ஆண்டின் முடிவோடு அத்திட்டம் கைவிடப்பட்டது. சட்டங்களுக்கோ குறைவில்லை. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் ஏழாண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. அதன்கீழ் 1998இலும் 2005இலும் பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்கும் கட்டுப்பாட்டு ஆணைகள் வெளியிடப்பட்டன. குழாய்களைத் துளையிட்டுத் திருடுவோர்க்கு எதிரான 1962ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

ஏட்டில் உள்ள சட்டத்தைச் சாலையில் நடைமுறைப்படுத்த ஒரு மனிதர் வேண்டும். இங்கேதான் நம் அரசுகளின் காவல் எத்தன்மையது என்பது வெளிப்படுகிறது.

சண்முகம் மஞ்சுநாத் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பிள்ளை. மைசூரில் பொறியியலும், லக்னோ இந்திய மேலாண்மைக் கழகத்தில் மேலாண்மையும் பயின்றவர். அத்தகைய படிப்பை முடித்தோர் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்களை நாடிச் செல்ல, இவர் இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அலுவலராகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டம் அவருடைய பணிப்பகுதி. கலப்பட எண்ணெய் விற்ற பெட்ரோல் பங்க் ஒன்றை அவர் மூடி முத்திரையிட்டார். அது மீண்டும் திறக்கப்பட்டதும் திடீர்ச் சோதனைக்குச் சென்றார். 2005 நவம்பர் 19ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய உடல் அவருடைய காரிலேயே கண்டெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 2007 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2015இல் உச்சநீதிமன்றம் ஆயுள் தண்டனைகளை உறுதிசெய்தது. கொலைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டுக் காலம் கடந்துவிட்டது.

இதில் கருதத்தக்க ஒன்றுண்டு. அவர் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, அதாவது 2005 டிசம்பரில்தான், மேலே கூறிய இரண்டாவது கட்டுப்பாட்டு ஆணை வெளிவந்தது. எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் நிலையிலுள்ளவரும் பங்க்குக்குள் நுழைந்து சோதனையிடலாம், சரக்கைக் கைப்பற்றலாம் என்று அவ்வாணை கூறுகிறது. அதிகாரம் கொடுப்பது எளிது. அந்த அதிகாரத்தை ஏந்திக்கொண்டு தனியாகக் கார் ஓட்டிச் செல்லும் இளைஞனுக்குத் துணையாக யார் செல்வது?

மஞ்சுநாத் நிறுவன ஊழியர், ஆதலால்தான் அவரை எதிர்க்கத் துணிந்தனர், அரசு அதிகாரியாக இருந்திருந்தால் அஞ்சியிருப்பர் என்று எவரேனும் கருதினால், அக்கருத்தை 2011 ஜனவரி 25 பொய்யாக்கிற்று. மகாராட்டிர மாநிலம் மாலேகானின் கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே, எண்ணெய்க் கிடங்குகள் மிகுந்த மன்மாடு அருகே காரில் சென்றுகொண்டிருந்தார். சாலையோர உணவகம் ஒன்றன் அருகே டேங்கரிலிருந்து எண்ணெய் திருடப்படுவதைக் கண்டு இறங்கிச் சென்று படம்பிடித்தார். அங்கேயே அவர்மீது எண்ணெய் ஊற்றித் தீவைக்கப்பட்டது. மறுநாள் குடியரசு நாள். மாநில அரசு ஊழியர்கள் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின்னரே மாநிலமெங்கும் சோதனைகள் நடந்தன; பலர் கைதாயினர். கைவிடப்பட்ட வேதிக் குறியை மீண்டும் கொண்டுவருவதாக நடுவணரசு அறிவித்தது. சோதனையிட வேண்டிய இடங்கள் அத்தனை விரைவில் கண்டறியப்பட்டன என்றால், அவை முன்பே தெரிந்திருந்தன என்பதுதானே பொருள்? ஓர் உயர் அதிகாரி எரிந்து மடியும்வரை அந்தப் பட்டியல் எந்த மேசை அறைக்குள் உறங்கிற்று?

மண்ணெண்ணெய்க் களவு பின்னர் பெரிதும் குறைந்தது உண்மை. அதனைக் குறைத்தது சாயமும் அன்று, சிறையும் அன்று. விலை வேறுபாடு அகற்றப்பட்டதே காரணம். 2016 முதல் மானிய மண்ணெண்ணெயின் விலை சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டளவில் நடுவணரசின் மானியம் முற்றிலும் நின்றது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை இல்லங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பை வழங்கியது. தில்லி, சண்டிகர், புதுச்சேரி முதலியவை மண்ணெண்ணெய் ஒதுக்கீடே வேண்டாத பகுதிகளாயின. திருடுவதற்கு இலாபம் இல்லாதபோது திருடன் வேறு தொழில் தேடிப் போனான். நிர்வாக நோக்கில் இது வெற்றியே. புகை சூழ்ந்த அடுப்பிலிருந்து பெண்கள் விடுபட்டதும் நன்மையே. எனினும் ஒரு நெருடல் எஞ்சுகிறது. களவைத் தடுக்க இயலாத அரசு, களவாடப்படும் உதவியை நிறுத்தியது. எரிவாயு உருளையைப் பெற்றும் மறுமுறை நிரப்பப் பணமின்றி விறகுக்குத் திரும்பிய குடும்பங்கள் நாட்டில் உண்டு. நெல்லைத் தின்னும் எலியைப் பிடிக்க முடியவில்லை என்று களஞ்சியத்தையே ஒழிப்பதை எல்லாவிடத்தும் கொள்கையாக்கிவிட முடியாது. மீனவர்க்குத் தமிழகமும் புதுவையும் வரிவிலக்கோடு டீசல் வழங்குகின்றன. அது நியாயமான சலுகை. அது வெளிச்சந்தைக்குத் திரும்புமோ என்ற ஐயத்தால் அதையும் ஒழிக்கலாமா? சலுகையை வைத்துக்கொண்டு காவலைச் சீர்செய்வதே அரசுக்கு அழகு.

காவலைச் சீர்செய்யாமல் ஆயுதத்தை மட்டும் பெருக்கினால் விளைவது யாது என்பதற்கு அயல்நாடுகள் சான்று. நைஜீரியாவில் ஃபோர்காடோஸ் ஏற்றுமதி முனையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நீளக் கள்ளக்குழாய் ஒன்று கடலுக்குச் சென்றதையும், அது ஒன்பது ஆண்டுகள் இயங்கியதையும் 2022இல் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமே வெளிப்படுத்திற்று. படை இருந்தது, காவற்படகுகளும் இருந்தன. நான்கு கிலோமீட்டர் குழாயை ஒன்பதாண்டுகள் எவரும் காணவில்லை என்று நம்புவதற்கு மிகுந்த நல்லுள்ளம் வேண்டும். மெக்சிகோவில் புதிய அதிபர் பதவியேற்றதும் குழாய்களுக்குப் படையினரைக் காவலிட்டார். ஆயினும் 2019 ஜனவரி 18இல் ட்லாவெலில்பான் என்னும் ஊரில் துளையிடப்பட்ட குழாயிலிருந்து பீறிட்ட பெட்ரோலை வாளிகளில் பிடிக்கச் சென்ற மக்கள் தீயில் சிக்கினர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2017 ஜூன் 25ஆம் நாள் பாகிஸ்தானின் பகவல்பூர் அருகே நிகழ்ந்ததை நம் சமுதாயப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெருநாளுக்கு முந்தைய நாள் அது. கவிழ்ந்த டேங்கரிலிருந்து ஒழுகிய பெட்ரோலைக் குடங்களிலும் கேன்களிலும் சேகரிக்க ஊரே திரண்டது. தீப்பற்றியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் கொள்ளையர் என்று எழுதிய பேனாக்களும் இருந்தன. கள்ளக்குழாய் அமைத்தவனையும், பெருநாள் செலவுக்கு ஒரு குடம் பெட்ரோல் கிடைக்காதா என்று ஓடிவந்தவனையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி. திண்டிவனம் நெடுஞ்சாலையில் நாளை ஒரு டேங்கர் கவிழ்ந்தால் நம் ஊரார் குடத்தோடு ஓடாமல் இருப்பார்களா? ஓடவிடாமல் தடுப்பதும், பெட்ரோலின் ஆவி எவ்வளவு தொலைவிலிருந்தும் தீயை இழுத்துவரும் என்று எடுத்துரைப்பதும் கற்றவர் கடமை. அவர்களைக் கள்வர் பட்டியலில் சேர்ப்பது அரசின் வேலையாகிவிடக் கூடாது.

இனி நம் கண்முன் நடக்கும் சிறுகளவுக்கு வருவோம். 2017 ஏப்ரலில் லக்னோவில் காவல்துறையின் சிறப்புப் படை பெட்ரோல் பங்க்குகளைச் சோதித்தபோது, எரிபொருள் ஊற்றும் எந்திரங்களுக்குள் மின்னணுச் சில்லுகள் பொருத்தப்பட்டிருப்பது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் லிட்டர் குறையும். திரையில் எண் குறையாது. அடுத்த சில வாரங்களில் மகாராட்டிரத்திலும் அத்தகைய முறைகேடுகள் பிடிபட்டன. இந்தக் களவுக்கு எதிரான ஆயுதம் மிக எளியது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிடப்பட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலன் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு இருபத்தைந்து மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது. வடிதாளில் ஒரு துளி பெட்ரோலை விட்டுக் கறை எஞ்சுகிறதா எனச் சோதிக்கும் உரிமையும், அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு. நம்முள் எத்தனை பேர் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோம்? பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்துவாரே என்னும் கூச்சம், பங்க் உரிமையாளருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் மானியம் எனலாம்.

அளவு குறைப்பதைச் சிறுகுற்றமாகக் கருதாத மரபு நம்முடையது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே வழங்குகிறது. இஸ்லாமிய நகரங்களில் அளவையும் எடையையும் சரிபார்க்க முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் இருந்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாச் சந்தையின் மேற்பார்வையில் அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்னும் கல்வியறிவு மிக்க பெண்மணியை ஈடுபடுத்தினார் என்பதும் வரலாற்று நூல்களில் காணப்படும் செய்தி. முஹ்தஸிப் சந்தைக்குள் தனியாகச் செல்வதில்லை. அவருக்கென உதவியாளர்கள் இருந்தனர். அவரைத் தொடுவது ஆட்சியையே தொடுவது என்பது வணிகர்க்குத் தெரிந்திருந்தது. மஞ்சுநாத்துக்கும் சோனாவணேவுக்கும் கிட்டாமற்போனது அதுவே.

புதுவையைப் பொறுத்தவரை வரி வேறுபாட்டை அடியோடு நீக்குவது இப்போதைக்கு நடவாத காரியம். குறைந்த வரியால் கூடும் விற்பனை புதுவைக்கு வருவாய். அந்த வருவாயை விட்டுக்கொடு என்று சொன்னால் எந்த அரசும் கேளாது. ஆனால் இரு அரசுகளும் கூடிச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தமிழகத்தில் இக்குற்றங்களைக் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை கவனிக்கிறது. அதன் அதிகாரம் மாநில எல்லையோடு நின்றுவிடும். புதுவைக் காவலரின் அதிகாரமும் அவ்வாறே. கடத்துபவனுக்கோ எல்லை ஒரு பொருட்டன்று. சேதராப்பட்டு போன்ற ஊர்களில் ஐந்து நிமிடத்தில் அவன் அடுத்த ஆட்சிக்குள் போய்விடுகிறான்.

இன்று பெட்ரோல் பங்க்குகளில் எந்திரங்கள் கணிப்பொறியோடு இணைக்கப்பட்டுள்ளன. எந்தக் குழாயில், எந்த மணிக்கு, எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்னும் விவரம் எண்ணெய் நிறுவனத்துக்குச் சென்று சேர்கிறது. நள்ளிரவில் ஒரே வீச்சில் ஆயிரம் லிட்டர் ஊற்றப்பட்டால் அது எவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் அன்று என்பதை அறிய பெரும் புலமை தேவையில்லை. வானூரில் பீப்பாய்களோடு ஒரு வண்டி பிடிபடும்போது, அவை எங்கே நிரம்பின என்னும் வினாவுக்குரிய விடை அந்தக் கணிப்பொறியில் முன்னரே பதிவாகியிருக்கிறது. அவ்விடையைக் கேட்டுப் பெறவும், எல்லையின் இருபுறமும் சென்று சோதிக்கவும் அதிகாரமுள்ள கூட்டுக்குழு ஒன்றை இரு அரசுகளும் அமைக்கட்டும். சோதனைக்குச் செல்லும் அலுவலரோடு ஆயுதம் தாங்கிய காவலர் இருவரையும் தவறாமல் அனுப்பட்டும்.